இரண்டு பக்கச் சம்மதம்

பிப்ரவரி 3

சுண்டு,

உனக்கு விவாகரத்து ஆகிவிட்டது. நீ அனுப்பிய தாள் நேற்று வந்து சேர்ந்தது. எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் முத்திரை தெரியும். இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்து. முடிந்த காரியம்.

சுகம் விசாரித்துவிட்டல்லவா தொடங்க வேண்டும், மறந்துவிட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணியின் முழங்கால் வலி மட்டும் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அந்த இருமல் விட்டதா, எழுது.

போன் வேண்டாம். போனில் நீ 'ம்' என்பாய், நான் கத்துவேன், உன் அண்ணி போனைப் பிடுங்கி அழுவாள். இந்த மாதிரி விஷயத்தைத் தாளில் பேசுவதுதான் மரியாதை.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். ஒன்று, ஏன்? குடியா, கை நீட்டுகிறவனா, இன்னொருத்தியா? இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவன் நான். தார்ப்பாயைச் சைக்கிளில் கட்டி விற்ற நாளிலிருந்து இன்றுவரை நான் முடித்துக் கொடுத்த எதுவும் திரும்பி வந்ததில்லை. இரண்டு பக்கமும் வாய் நிறையச் சம்மதம் சொன்ன சம்பந்தம் மூன்று வருஷத்தில் கிழிகிறது என்றால் என்ன அர்த்தம்? தார்ப்பாயே ஐந்து வருஷம் தாங்கும்.

இரண்டு, இன்னாருடைய மனைவி என்பதால்தானே உன்னை அங்கே இருக்க விட்டார்கள்? மனைவி இல்லை என்றால் என்ன சொல்வார்கள்? அங்கே ஆட்சியும் மாறிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தான்.

மாடி அறையில் கயிற்றுச் சுருள் அடுக்கியிருக்கிறேன். வேண்டுமென்றால் ஒரே நாளில் காலி செய்துவிடலாம். இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்

---

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இருமல் போய்விட்டது. அண்ணிக்கு வெந்நீர் ஒத்தடம் போதாது, டாக்டரிடம் கூட்டிப்போ.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இங்கே சட்டப்படி, கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் மூன்று வருஷம் வாழ்ந்திருந்தால், பிரிந்த பிறகும் வெளிநாட்டுக்காரி இருக்கலாம். விவாகரத்து ஆன தேதி முக்கியமில்லை. ஒரே வீட்டில் கடைசியாக இருந்த தேதிதான் முக்கியம். நான் வேறு அறைக்கு வந்த மறுநாளே நகராட்சியில் விலாச மாற்றம் பதிந்துவிட்டேன். அந்தத் தேதிப்படி மூன்று வருஷத்துக்கு முப்பத்தெட்டு நாள் குறைகிறது.

குறைந்தாலும் ஒரு வழி இருக்கிறது. பிரிவதற்கு நியாயமான, கடுமையான காரணம் இருந்தால் அதிகாரி பார்த்து அனுமதிக்கலாம். ஆனால் புதிதாக வந்த அரசாங்கம் அந்த வழியை அடைக்கப் போகிறது. ஜூலை முதல் தேதியிலிருந்து மூன்று வருஷம் ஐந்தாகிறது, அதிகாரியின் விருப்பம் என்பதும் இல்லை. அதற்குள் என் விண்ணப்பத்தில் முடிவு வர வேண்டும்.

வேலை இருக்கிறது. நகரப் போக்குவரத்தில்தான். ஆனால் வேலையைக் காட்டி அனுமதி மாற்றிக் கொடுக்க மாட்டார்களாம். நாட்டை விட்டு வெளியே போய் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டுமாம்.

அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி கைக்கு எட்டும். பயப்படாதே. அண்ணியிடம் சொல், நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

அன்புடன்,
தங்கை

---

மார்ச் 5

சுண்டு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, உன் அண்ணியைப் பார்த்து "மாடிப்படி ஏறாதீங்க" என்றார். அவள் என்னைப் பார்த்து, "மாடியில இவரு கயிறு இருக்கு டாக்டர், நான் ஏன் ஏறப்போறேன்" என்றாள். மற்றபடி சௌக்கியம்.

முதல் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே.

மறுநாளே பதிந்தாயா! யார் சொல்லிக் கொடுத்த புத்தி அது? நான்தான். சரக்கு நகர்ந்த அன்றைக்கே தேதி போட்டு எழுது என்று பத்து வயதிலிருந்து உன் தலையில் குட்டியவன் நான்தான். ஊரில் அத்தனை பேரும் விலாசத்தை ஆறு மாசம் கழித்துத்தான் மாற்றுவார்கள். என் தங்கை மட்டும் மறுநாளே போய் நிற்பாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

போகட்டும். வெளிப்படையாகச் சொல்கிறேன். கடுமையான காரணம் வேண்டும் என்றால் கடுமையான காரணம் கொடு. அடித்தான் என்று சொல். ஒரு அடி போதும். பிரிந்து போனவனுக்கு இதில் என்ன நஷ்டம்? அல்லது மாப்பிள்ளையே வந்து, "இன்னும் ரெண்டு மாசம் எங்க வீட்டிலதான் இருந்தா, விலாசம்தான் முன்னாடியே மாத்திட்டா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். நல்ல மனுஷன்தானே, சொல்வான்.

இதை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "அவ கையால பொய் எழுத வைக்காதீங்க, அவளுக்கு வராது" என்றாள். வராவிட்டால் பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஜூலைக்கு நான்கு மாதம் கூட இல்லை.

உடனே எழுது. குளிரில் காதை மூடிக்கொள்.
அண்ணன்

---

மார்ச் 29

சுண்டு,

மூன்று வாரம் ஆயிற்று. நாங்கள் நலம் என்று எழுதினால் பொய். உன் அண்ணி தபால்காரரைப் பார்த்ததும் கதவை முழுக்கத் திறக்கிறாள், அவர் போனதும் பாதி மூடுகிறாள். உடம்புக்கு ஏதாவதா? கோபமா? திட்டியாவது நாலு வரி எழுது.

அண்ணன்

---

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. நேர்காணல் முடியட்டும் என்று காத்திருந்தேன். அண்ணியை வருத்தப்பட வைத்துவிட்டேன். மன்னிக்கச் சொல்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் சீட்டு எடுத்து நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். அதிகாரி என் வயதுப் பெண். மேஜையில் ஒரு செடி, அதில் பாதி இலை காய்ந்திருந்தது. அவள் மொழியில் கேட்டதை நம் மொழியில் எழுதுகிறேன்.

"அடிச்சாரா?"

"இல்லை."

"மிரட்டினாரா? பட்டினி போட்டாரா? வேற பெண்ணோட...?"

"இல்லை. அவர் நல்லவர்."

"நல்லவரை விட்டுட்டு முப்பத்தெட்டு நாளுக்கு முன்னாடி ஏன் கிளம்பினீங்க?"

"காரணம் இருக்கு. சொல்ல முடியாது."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "சொல்ல முடியாததை நான் எந்தக் கட்டத்துல எழுதறது? சண்டையே இல்லாம பிரிஞ்ச கல்யாணத்தை மேல இருக்கிறவங்க எப்படிப் பார்ப்பாங்க தெரியுமா? பெர்மிட்டுக்காகப் பண்ணின பொய்க் கல்யாணம்னு."

உன் முதல் கேள்விக்கும் இதுதான் பதில், அண்ணா. காரணம் இருக்கிறது. அவர் அடிக்கவில்லை, கையை ஓங்கியது கூட இல்லை. இல்லாத அடியை நான் எழுத மாட்டேன். தேதியையும் மாற்ற மாட்டேன். அனுப்பிவிட்டார்கள் என்றால் வருகிறேன். மாடி அறையை இப்போதே காலி செய்ய வேண்டாம். ஜூன் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணி டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும்.

தங்கை

---

ஏப்ரல் 20

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் இவ்வளவு நீளக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. இந்தக் கடிதம் உங்கள் தங்கைக்குத் தெரியாது. தெரிந்தால் என்னிடம் பேச மாட்டாள்.

நாங்கள் ஏன் பிரிந்தோம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களாம். சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறையில் நான் ஒரு அலமாரியைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தேன். அவள் ஸ்குரூ எடுத்துக் கொடுத்தாள். ஏதோ கிண்டலுக்குச் சொன்னேன், "என்னைத்தான் கட்டிப்பேன்னு நாலு நாள் சாப்பிடாம கிடந்தவ, ஒரு ஸ்குரூ சரியா எடுத்துக் கொடுக்க மாட்டியா?"

"யாரு சாப்பிடாம கிடந்தா?"

"நீதான். உங்க அண்ணன் சொன்னாரே."

"நானா! நீங்கதானே என்னைப் பார்த்துட்டு, இவ சம்மதம் இல்லாம ஊருக்குத் திரும்ப மாட்டேன்னு பிளேன் டிக்கெட்டைக் கிழிச்சீங்க?"

"நான் எதுக்கு டிக்கெட்டைக் கிழிக்கிறேன்? உங்க அண்ணன்தான் வீடு தேடி வந்து, தங்கச்சி மனசை உடைச்சிடாதீங்கன்னு கையைப் பிடிச்சார்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரித்தோம். கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டும்வரை சிரித்தோம். மச்சான், எங்கள் கல்யாணத்தில் நாங்கள் சேர்ந்து அப்படிச் சிரித்தது அன்றுதான். அவள் மனதை உடைக்கக் கூடாது என்று நானும், என் மனதை உடைக்கக் கூடாது என்று அவளும், இரண்டு விருந்தாளிகள் மாதிரி அவ்வளவு மரியாதையாக இருந்திருக்கிறோம். ஒரு வாரம் கழித்து அவள் கேட்டாள், "அப்ப நாம யாருக்காக இருக்கோம்?"

முப்பத்தெட்டு நாள் குறைகிறது என்று அவளுக்குக் கிளம்பிய அன்றே தெரியும். நான்தான் சொன்னேன். "இன்னும் முப்பத்தெட்டு நாள் இந்த வீட்டிலயே இரு, அப்புறம் போ" என்றேன். "ஒரு பொய்யில ரெண்டரை வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு, இன்னும் முப்பத்தெட்டு நாள் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

இப்போது முக்கியமான விஷயம். பெண்ணின் உண்மையான சம்மதம் இல்லாமல், பொய் சொல்லி நடத்திய கல்யாணம் இந்தச் சட்டத்தில் கடுமையான காரணம்தான் என்று வக்கீல் சொல்கிறார். அது இன்னும் ஜூன் வரை செல்லும். ஆனால் நான் சொன்னாலோ அவள் சொன்னாலோ போதாது. பேசி முடித்தவரே, "ஆமாம், நான்தான் அப்படிச் சொன்னேன்" என்று அரசு முத்திரையோடு எழுதித் தர வேண்டும். இது அவளுக்கு ஜனவரியிலேயே தெரியும். "எங்க அண்ணன் வியாபாரிகள் சங்கத் தலைவர், நாலு தெரு வியாபாரமும் அவர் வாக்கை நம்பித்தான் நடக்குது, அவரை நான் பொய்யர்னு எழுத வைக்க மாட்டேன்" என்கிறாள்.

அவள் வேலையும் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நீங்கள் நினைக்கிற மாதிரி அவள் டிக்கெட் கொடுப்பதில்லை. பஸ் ஓட்டுகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாப்பிள்ளை

---

மே 3

மாப்பிள்ளைக்கு,

முன்னாள் எல்லாம் வேண்டாம். நலமாக இருங்கள். உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை. நான் மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் சுட்டது.

நீங்கள் எழுதிய அத்தனையும் நிஜம். டிக்கெட்டை யாரும் கிழிக்கவில்லை. யாரும் பட்டினி கிடக்கவில்லை. எங்கள் தொழிலில் இது அன்றாடம். வாங்குகிறவனிடம் விற்கிறவன் ஒத்துக்கொண்டான் என்போம், விற்கிறவனிடம் வாங்குகிறவன் ஒத்துக்கொண்டான் என்போம். நடுவில் இருக்கிற தயக்கம் போய்விடும், பேரம் முடியும், இரண்டு பேரும் நமக்குக் கும்பிடு போடுவார்கள். கயிற்றுக்கும் தார்ப்பாய்க்கும் அதனால் ஒன்றும் ஆகாது. அவை மரியாதைக்காக ஒன்றோடொன்று குடித்தனம் நடத்துவதில்லை.

வக்கீலின் விலாசம் அனுப்புங்கள். எந்த மாதிரித் தாள், எத்தனை பிரதி, யார் மொழிபெயர்க்க வேண்டும், விவரமாக எழுதுங்கள். இந்த முறை போன் செய்தாலும் சரி.

அவளுடைய அண்ணன்

---

மே 16

சுண்டு,

மாப்பிள்ளை எனக்கு எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே. திட்டுவதென்றால் எனக்கு எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கடிதம் வந்த அன்று கடையைத் திறந்து வைத்தும் மத்தியானம்வரை ஒரு முழம் கயிறு கூட விற்கவில்லை. வந்தவர்களுக்கு நான் பதிலே சொல்லவில்லையாம். உன் அண்ணி வந்து, "என்ன, யாராவது போயிட்டாங்களா?" என்றாள். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "இப்படி ஒருத்தி நம்ம வீட்டிலயிருந்தா போனா?" என்று மட்டும் கேட்டாள். ஏதோ கண்ணெதிரே மலை ஒன்று இருந்து, மலை என்று தெரியாமல் இத்தனை நாள் அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது எங்களுக்கு.

நான் உன்னை அடி வாங்கியதாக எழுதச் சொன்னேன். உன் கையில் நிஜமான காரணம் இருந்தது. அதில் என் பெயர் இருந்ததால் வாயை மூடிக்கொண்டாய். நாட்டை விட்டு வெளியேறவும் துணிந்தாய். இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. என் வீட்டிலேயே இருந்தாள் என்பதை எப்படிச் சொல்வேன்!

நேற்று நோட்டரியிடம் போனேன். யார் என்று உனக்குத் தெரியும், மூன்றாவது கடை, வாயில் வெற்றிலையும் தெருவின் எல்லா ரகசியமும் இருக்கும். எழுதியதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க இது, உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்க? வேணும்னா 'புரிதல் பிழை'ன்னு போட்டுக்கலாமே."

"பிழை இல்லை, பொய். பொய்யின்னே போடுங்க."

"சங்கத்தில கேட்டா?"

"கேட்க வேண்டியதில்லை. நீங்க சாயந்தரத்துக்குள்ள சொல்லிடுவீங்க."

முறைத்தார். ஆனால் முத்திரையை நன்றாக அழுத்திக் குத்தினார். தாள் நான்கு பிரதி, வக்கீலுக்கு நேராக அனுப்பிவிட்டேன். அதில் எழுதியது இவ்வளவுதான். என் தங்கையிடம் அவள் விருப்பத்தை நான் கேட்கவில்லை. அவள் விருப்பம் என்று நானே ஒன்றைத் தயாரித்து விற்றேன். அவரிடமும் அப்படியே. இரண்டு பேரும் நம்பி, ஒழுங்காக, உண்மையாகக் குடித்தனம் நடத்தினார்கள். அதில் இருந்த ஒரே பொய் என்னுடையது.

பஸ் விஷயம் பிறகு பேசுவோம். உனக்கு ஸ்கூட்டர் சாவி கொடுக்காதவன் நான். இன்னும் மூச்சு வாங்குகிறது.

காலில் வலி இல்லையே? அவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறாய்.
அண்ணன்

---

ஜூன் 28

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுத ஐந்து முறை உட்கார்ந்தேன். 'அன்புள்ள அண்ணா'வுக்கு மேல் போகவில்லை. நான் நலம். அண்ணி நலமா?

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. அதே அதிகாரிதான். உன் தாளின் மொழிபெயர்ப்பு அவள் முன்னால் இருந்தது. படித்துவிட்டு, "இவர் உங்க கூடப் பிறந்தவரா?" என்றாள். ஆமாம் என்றேன். "இந்த மேஜையில தினமும் நாற்பது பேர் மத்தவங்க மேல பழி போட்டு எழுதின தாளைப் பார்க்கிறேன். தன் மேலேயே போட்டுக்கிட்டு ஒருத்தர் முத்திரை குத்தி அனுப்பினதை இப்பதான் பார்க்கிறேன்" என்றாள். அப்புறம் எழுந்து உள்ளே போனாள். பதினைந்து நிமிஷம். திரும்பி வந்தபோது புது அனுமதி அட்டை கையில் இருந்தது.

இரண்டு வருஷம். அதற்குப் பிறகு வேலை இருந்தால் புதுப்பிக்கலாம். பழைய அட்டையில் 'இன்னாருடைய மனைவி' என்று ஒரு வரி இருக்கும். இதில் அந்த வரி இல்லை. என் பெயருக்குக் கீழே வெறும் இடம். பஸ்ஸில் போகும்போது அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு டிரைவர் செய்கிற காரியமா?

எனக்குப் பின்னால் சீட்டு வைத்திருந்த பெண்ணுக்கு வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வியாழன் ஜூலை இரண்டு. அவள் என் தோளைத் தொட்டு வாழ்த்துச் சொன்னாள். அவளை நினைத்தால் சந்தோஷம் முழுதாக வரவில்லை.

பஸ் விஷயம் பிறகு பேசுவோம் என்றாயே. பதினெட்டு மீட்டர் நீளம். நடுவில் துருத்தி மாதிரி மடிப்பு. வளைவில் திரும்பும்போது நான் ஒரு தெருவில் இருப்பேன், என் பின்பாதி இன்னொரு தெருவில் இருக்கும். நூற்றைம்பது பேர். காலை ஐந்தேகாலுக்கு முதல் வண்டி. பாலத்தில் ஏறும்போது சூரியன் கண்ணாடி முழுக்க வரும், பின்னால் ஒருவரும் பேச மாட்டார்கள். மூன்று வருஷத்தில் இதைப் பற்றி உனக்கு எத்தனை எழுத நினைத்தேன் தெரியுமா?

சங்கத்தில் என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது.

தங்கை

---

ஜூலை 14

சுண்டு,

கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள். இரண்டு தடவை நிறுத்தி மூக்கைத் துடைத்தாள். நாங்கள் நலம், இப்போதுதான் நிஜமாகவே நலம். அவள் இப்போது மாடிப்படி கூட ஏறுகிறாள்.

சங்கத்தில் யாரும் கேட்பதற்கு முன் நானே தலைவர் பதவியை விட்டுவிட்டேன். கூட்டத்தில் பெயிண்ட் கடைக்காரர், "இனிமே இவரு ரெண்டு பக்கமும் சம்மதம்னா நாமளே போய் ரெண்டு பக்கமும் கேட்டுக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? ஆனால் ஒரு வேடிக்கை. போன வாரம் அதே பெயிண்ட் கடைக்காரர் ஒரு தகராறைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தார். "நீங்கதான் பொய்யைப் பொய்யின்னு எழுதுவீங்களாமே" என்றார். வியாபாரம் குறைந்தது உண்மை. குறையட்டும்.

பதினெட்டு மீட்டர் என்றாயே, கடை வாசலிலிருந்து தெருவில் கயிறு பிடித்து அளந்து பார்த்தேன். நோட்டரி கடையைத் தாண்டிப் போகிறது! அவர் வெளியே வந்து "என்ன அளக்கறீங்க?" என்றார். "என் தங்கச்சி ஓட்டுற வண்டி" என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கயிற்றின் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நடந்து பார்த்தார்.

நான் அங்கே வந்து ஒரு நாள் காலை முதல் வண்டியில் ஏற வேண்டும். இது உத்தரவு இல்லை. கேட்கிறேன். உன் சம்மதத்தை நீயே உன் கையால் எழுது.

விசாவுக்குப் போனால், அந்த நாட்டில் இருக்கிற ஒருவர் எனக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். அங்கே எனக்கு யாரைத் தெரியும்?

அண்ணன்

---

ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலமா? அண்ணியால் இப்போது படி ஏற முடிகிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அவளும் கூட வர வேண்டும், தனியாக விட்டுவிட்டு வராதே.

எனக்குச் சம்மதம். என் கையால் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

நேற்று அலுவலகத்துக்குப் போய் உங்கள் இரண்டு பேருக்கும் பொறுப்பேற்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன். 'பொறுப்பேற்பவர்' என்ற இடத்தில் என் பெயர். 'உறவு' என்ற இடத்தில் 'தங்கை'. சம்பளச் சீட்டைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், போதும் என்றார்கள். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்கு நான் ஜாமீன், அண்ணா. யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தெரியவில்லை, உன் மாப்பிள்ளைக்குத்தான் போன் செய்தேன். உங்களை அழைத்துவர ஏர்போர்ட்டுக்கு அவரும் வருகிறாராம்.

நிபந்தனைகளை அப்படியே எழுதுகிறேன். நன்றாகப் படித்துவிட்டுக் கிளம்பு. தங்குவது தொண்ணூறு நாளுக்கு மேல் கூடாது. தங்குவது என் விலாசத்தில் மட்டும். சாப்பாடு, வைத்தியம், திரும்பிப் போகும் டிக்கெட், மூன்றும் என் பொறுப்பு. இருக்கும்வரை நீ எந்த வேலையும் செய்யக் கூடாது, எதையும் விற்கவோ வாங்கவோ கூடாது, யாருக்காகவும் பேரம் பேசக் கூடாது. தொண்ணூறாம் நாள் உன்னை நான் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

தங்கை